கூடிய எட்டும் விழுந்த ஒன்றும்

பழைய பத்திரிகைத் தலைப்பைப் படிப்பதில் ஒரு சுகம் உண்டு. கதை எப்படி முடிந்தது என்று நமக்குத் தெரியும்; தலைப்புப் போட்ட உதவி ஆசிரியருக்குத் தெரியாது. பாவம், அவர் ராத்திரி கண்விழித்து, இருக்கிற எழுத்திலேயே பெரிய எழுத்தாகப் பார்த்து எடுத்து, நாலு பத்தி அகலத்துக்கு ஊரை நடுங்க வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார். நூலகத்தில் பைண்டு பண்ணி வைத்த தொகுப்பைப் புரட்டுகிற நமக்கு அந்த நடுக்கம் இல்லை. அடுத்த நாள் பேப்பர் இருக்கிறதே, அப்படியானால் அடுத்த நாள் உலகமும் இருந்திருக்கிறது என்று நிம்மதியாகப் பக்கத்தைத் தள்ளலாம்.

அப்படித் தள்ளாமல் நிறுத்திவைத்து ஒப்பிட வேண்டிய செய்திகள் இரண்டு. ஒன்று, 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் சேருகின்றன, உலகத்துக்குக் கேடு என்ற செய்தி. மற்றொன்று, 1979 ஜூலையில் அமெரிக்காவின் விண்வெளி நிலையம் ஸ்கைலாப் பூமியில் விழப் போகிறது, எங்கே விழும் என்று சொல்வதற்கில்லை என்ற செய்தி. முதலாவதற்கு ஆதாரம் பஞ்சாங்கம், இரண்டாவதற்கு நாசா. இரண்டுமே நடந்த செய்தி இல்லை, நடக்கப் போகிற செய்தி. நடந்ததைப் படித்தால் உச்சுக்கொட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். நடக்கப் போவதைப் படித்தவன் ஏதாவது செய்தாக வேண்டும். எதைச் செய்வான் என்பதில்தான் வேடிக்கை இருக்கிறது.

அளந்து பார்க்க ஒரு ஊர் தேவை. வந்தவாசியை வைத்துக்கொள்கிறேன். இரண்டு சமயத்திலும் அது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. கலெக்டர் உட்கார்ந்திருந்தது வேலூரில். ஊருக்குப் பெயர் கோரைப்பாயில். மேற்கே ஆரணியில் பட்டுத் தறி. நெசவு இருக்கிற பக்கத்தில் வதந்திக்கு வாழ்வு அதிகம், அதற்குக் காரணம் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. கைத்தறியில் பாய் நெய்ய இரண்டு ஆள் வேண்டும். நனைத்து வைத்த கோரையை ஒருவர் நீளக் குச்சியின் நுனியில் மாட்டிப் பாவுக்குள் விடுவார். பாவின் மேல் உட்கார்ந்திருப்பவர் அச்சை இழுத்து ஓர் அடி அடித்து அதைச் சேர்த்துவிடுவார். கோரை, அடி, கோரை, அடி. கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கிறது. பக்கத்திலேயே கேட்க ஒரு காதும் இருக்கிறது. காலையில் டீக்கடையில் கேட்ட தலைப்பு, சாயங்காலம் பாயைச் சுருட்டும்போது வேறொன்றாகியிருக்கும்.

டீக்கடை என்றால் அங்கே பேப்பர் முழுசாக யார் கையிலும் இருக்காது. முதல் தாள் ஒருத்தரிடம், நடுத்தாள் பெஞ்சுக் கடைசியில், சினிமா விளம்பரத் தாள் உள்ளே. முதல் பக்கத்தில் தலைப்பைப் படித்துவிட்டு ‘தொடர்ச்சி 5-ம் பக்கம்’ என்ற இடத்துக்கு வந்தால், அந்த ஐந்தாம் பக்கத்தை வைத்திருப்பவர் எழுந்து கைகழுவப் போயிருப்பார். அவர் வருகிற வரைக்கும் தொடர்ச்சியை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இனி வரும் வந்தவாசி, ஆரணிக் காட்சிகள் நான் போட்ட தொடர்ச்சி. தேதியும் எண்ணும் உள்ளவை நடந்தவை.

முதலில் எட்டுப் பேர் கூட்டம். சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய ஏழும் ஏறத்தாழ 16 பாகை அகலத்துக்குள் நெருங்கி நின்றன. எட்டாமவர் கேது. கேதுவுக்கு உடம்பு கிடையாது; சந்திரன் போகும் பாதையும் சூரியன் போகும் பாதையும் வெட்டிக்கொள்கிற இரண்டு புள்ளிகளில் ஒன்று. ஆளே இல்லாமல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் போட்ட கிரகம் என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கையெழுத்து பொய்யில்லை. அமாவாசை அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் வந்தால் கிரகணம் வரும். வந்தது: பிப்ரவரி 5 அன்று நியூகினி, பசிபிக் பக்கத்தில் முழு சூரிய கிரகணம். பஞ்சாங்கக் கணிதத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

அது பிலவ வருஷத்துத் தை அமாவாசை. வருஷா வருஷம் முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாளில் உலகம் முடிவதாக இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. அடுத்த வருஷம் நமக்கு இறைக்க ஆள் இருக்காது. ஆகையால் இந்த வருஷமே நம் பங்கையும் சேர்த்து இறைத்துவிடலாமா என்று ஒரு பெரியவர் புரோகிதரைக் கேட்டிருப்பார். புரோகிதர் யோசித்துவிட்டு, செய்யலாம், தட்சிணை மட்டும் இரண்டு பங்கு ஆகும் என்றிருப்பார்.

வடக்கே பெரிய யாகங்கள் நடந்தன. யமுனைக் கரையில் கூட்டம், குடம் குடமாக நெய். பிரதமர் நேரு சிரித்து ஒதுக்கினார். பர்மாவின் பிரதமர் ஊ நூ சிரிக்கவில்லை. மாடு, பன்றி, ஆடு, கோழி, வாத்து, புறா, மீன், நண்டு வரைக்கும் விலைக்கு வாங்கி விடுதலை செய்தார். பயம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு வேலை. எனக்கு இது 1962-இன் முக்கியமான குணமாகப் படுகிறது. செய்தியிலேயே தேதி இருந்தது, செய்தியிலேயே பரிகாரமும் இருந்தது. சோதிடம் தெரிந்தவர் யாரும் கெடுதலை மட்டும் சொல்லி அனுப்புவதில்லை. கெடுதல், அதற்கு ஒரு கோயில், அந்தக் கோயிலுக்கு ஒரு கிழமை, அந்தக் கிழமைக்கு ஒரு நைவேத்தியம் என்று முழுசாகக் கொடுத்துவிடுவார். ஐந்தாம் பக்கத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாத செய்தி அது.

பரிகாரம் செய்ய வசதியில்லாதவனுக்கு வேறு கணக்கு. ஆரணியில் ஒரு குழித்தறி. ஜனவரிக் கடைசி. பாவு தீர இன்னும் இரண்டு சேலை பாக்கி. நெய்கிறவர் குழியிலிருந்து எழுந்து வந்து முதலாளி வீட்டுத் திண்ணையோரம் நிற்கிறார்.

“மொதலாளி, ஞாயித்துக்கெழமைக்குள்ள ரெண்டு சேலையும் முடியாதுங்க.”

“முடிக்காட்டி?”

“முடிக்காட்டி இன்னா, ஒலகமே முடியப் போவுதுன்றாங்க. கூலிய மட்டும் முன்னாடியே குடுத்துட்டீங்கன்னா...”

“ஏம்பா, ஒலகம் முடியப் போவுதுன்னா ஒனக்குக் கூலி இன்னாத்துக்கு?”

“ஒங்களுக்குச் சேலை இன்னாத்துக்குங்க மொதலாளி?”

இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருப்பார்கள். உலக முடிவு என்கிற தலைப்பு கடன் கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் ஒரே அர்த்தம் தராது. வாங்கினவனுக்கு அது தள்ளுபடி அறிவிப்பு. கொடுத்தவன்தான் திங்கட்கிழமை காலையில் உலகம் இருக்க வேண்டுமே என்று மனதார வேண்டுகிறவன். அந்த மூன்று நாளில் வட ஆற்காட்டில் மிகவும் உருக்கமான பிரார்த்தனை வட்டிக்கடைகளில்தான் நடந்திருக்கும் என்பது என் ஊகம்.

இன்னொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. அதே பிப்ரவரியில் மூன்றாம் பொதுத்தேர்தல். உலகம் 5-ஆம் தேதி முடியும், ஓட்டு அதற்குப் பிறகு. அழிவை நம்புகிற வேட்பாளர் என்ன செய்வார்? சுவரொட்டிக்கு அச்சகத்தில் சொல்லிவைக்கலாமா, கூடாதா? சொன்னால் முன்பணம் போகும். சொல்லாமல் உலகம் பிழைத்துக்கொண்டால் தொகுதி போகும். தி.மு.க.வின் சின்னம் உதயசூரியன். மகர ராசிக் கூட்டத்தில் சூரியனும் ஒருவர் என்பதால் எதிர்க்கட்சிப் பேச்சாளர் யாராவது மேடையில் இதைத் தொட்டிருக்கலாம். பகுத்தறிவு பேசுகிற கட்சிக்காரர் சூரியனுக்கு வக்காலத்து வாங்குவதா, சோதிடத்தை மறுப்பதா என்று ஒரு நிமிஷம் திணறியிருக்கலாம். தேர்தல் முடிவு வந்தபோது அந்தக் கட்சி 50 இடங்களில் வென்றது. காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார். எட்டுக் கிரகக்காரர்கள் இதை எந்தப் பக்கத்து வரவில் எழுதினார்களோ.

பதினேழு வருஷம் தள்ளி வருவோம். ஸ்கைலாப் 1973 மே 14 அன்று ஏவப்பட்டது. எடை சுமார் 77 டன். மூன்று குழுக்கள் போய்த் தங்கிவிட்டு வந்தன; 1974 பிப்ரவரிக்குப் பிறகு உள்ளே ஆளில்லை. பூட்டிக் கிடந்த வீடு. புது விண்ணோடம் ஒன்றை அனுப்பி அதை மேலே தள்ளிவிடலாம் என்று நாசா எண்ணியிருந்தது; விண்ணோடம் பறந்ததோ 1981-இல். அதற்குள் சூரியனில் கொந்தளிப்பு கூடி, அந்தச் சூட்டில் மேல் வளிமண்டலம் உப்பி, நிலையத்தின் வேகத்தை உரசி உரசிக் குறைத்துக் கீழே இழுத்துவிட்டது. ஆகக்கூடி 1979-லும் குற்றவாளிப் பட்டியலில் முதல் பெயர் சூரியன்தான். இந்தத் தகவல் 1962-இல் மூக்குடைபட்ட சோதிடர்கள் கண்ணில் அப்போது பட்டிருந்தால் ஒரு சிறப்பிதழே போட்டிருப்பார்கள்.

நிலையம் சுற்றிய பாதை பூமத்திய ரேகைக்கு 50 பாகை சாய்ந்தது. வடக்கே 50, தெற்கே 50 என்ற பட்டைக்குள் இருந்த ஊர் எல்லாவற்றின் மேலேயும் அது போய்வந்தது. வந்தவாசி பன்னிரண்டரைப் பாகையில் இருக்கிறது. தாராளமாகத் தகுதி உண்டு. மாநிலங்கள் தோறும் போலீசை உஷார்ப்படுத்தினார்கள். விழுகிற இரும்பைப் போலீஸ் என்ன செய்யும் என்று கேட்கக் கூடாது. தடியடிக்குக் கலையாத கூட்டம் உண்டு என்று அன்றைக்காவது ஒத்துக்கொண்டிருப்பார்கள்.

நாசா தந்த எண்கள் இரண்டு. பூமியில் யாராவது ஒருவர் மேல் ஒரு துண்டாவது விழ வாய்ப்பு 152-இல் ஒன்று. குறிப்பிட்ட ஓர் ஆள், அதாவது நீங்கள், அடிபட வாய்ப்பு 60,000 கோடியில் ஒன்று. இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு முகம். அன்றைய மக்கள்தொகையான நானூறு கோடிச் சொச்சத்தை 152-ஆல் பெருக்கினால் இரண்டாவது எண் கிடைத்துவிடும். ஆனால் தலைப்பில் ஏறத் தகுந்தது முதல் எண்தான். 60,000 கோடி என்றால் யாரும் டீயைக் கீழே வைக்க மாட்டான். 152 என்றால் வைப்பான். ‘யாராவது ஒருவர்’ என்ற இரண்டு சொல் ஐந்தாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. 152 மட்டும் தெருவுக்கு வந்துவிட்டது. எங்கள் தெருவில் 152 பேருக்கு மேல் இருக்கிறோமே, அப்படியானால் ஒருத்தர் போகப் போகிறோம், அது யார் என்று பேச்சு ஓடியிருக்கும். தெருவுக்கு ஒரு பெயர் முன்மொழியப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது வாடகை வசூலிக்க வருகிறவர் பெயராக இருந்திருக்கும்.

தமிழனுக்கு இந்த எண் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1968-இல் அண்ணா ஆட்சியில் அரசே பரிசுச் சீட்டு விற்க ஆரம்பித்தது. லட்சத்தில் ஒன்று என்பதைப் பதினோரு வருஷமாக ஒரு ரூபாய் கொடுத்து வாங்கிப் பழகிய ஜனம் அது. பரிசுச் சீட்டு லட்சத்தில் ஒருவனுக்கு விழும் என்றால், ‘அந்த ஒருவன் நான்தான்’ என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஸ்கைலாபுக்கும் அதே வழக்கம் பொருந்தியது, பரிசுதான் வேறு. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று சீட்டுக்கு ஒரு வாசகம் இருந்தது. 1979 ஜூன், ஜூலையில் அந்த வாசகத்தைச் சுவரில் படித்தவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்.

1962-இல் எல்லோரும் சேர்ந்து போவதாக இருந்தது. 1979-இல் யாரோ ஒருவர் போவதாக இருந்தது. இந்த ஒரு வித்தியாசம் போதும், மனுஷன் நடத்தையே மாறிவிடுகிறது. எல்லோரும் போகிறோம் என்றால் கோயிலுக்குப் போகிறான், கூட்டமாக நிற்கிறான், பழைய பகையைக்கூட ஒத்திவைக்கிறான். ஒருத்தன் மட்டும் என்றால் பக்கத்து வீட்டுக்காரனை உற்றுப் பார்க்க ஆரம்பிக்கிறான். பரிகாரம் வேறு கிடையாது. நாசா கெடுதலைச் சொல்லிற்றே தவிர, எந்தக் கோயில், எந்தக் கிழமை என்று சொல்லவில்லை. பரிகாரம் இல்லாத பயத்துக்கு ஜனங்கள் கண்டுபிடித்த மருந்து சாப்பாடு. வளர்த்த ஆட்டையும் கோழியையும் வைத்திருந்து யாருக்கு என்று அடித்துத் தின்றதாகத் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பல கிராமங்களில் இன்றும் சொல்வார்கள். 1962-இல் பர்மாவில் கோழிகளுக்கு விடுதலை. 1979-இல் இங்கே அவற்றுக்குக் குழம்பு. கோழிகளின் பார்வையில் ஒப்பாய்வு எழுதினால் பஞ்சாங்கத்தின் பக்கம்தான் தீர்ப்பு போகும்.

ஸ்கைலாப் விழ இருந்த சமயத்தில் ஆனி முடிய ஒரு வாரம் இருந்தது. ஆடி பிறந்தால் முகூர்த்தம் இல்லை. சீருக்குப் பாய் வாங்குகிறவர்கள் எல்லாம் வாங்கியாக வேண்டிய கெடு. பாய்க் கடையில் பெண்ணைப் பெற்றவர் ஒருவர், தேதி தாண்டட்டும், அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று இழுக்கிறார். கடைக்காரர் விடவில்லை. “மாப்ள, வுழுந்தா போர்த்தறதுக்கு ஒண்ணு, வுழாட்டி படுக்கறதுக்கு ஒண்ணு. ஆக ரெண்டு.” வியாபாரத்துக்குத் தொடர்ச்சிப் பக்கம் தேவையில்லை.

விழப் போகிற ராத்திரி எங்கே படுப்பது என்பதுதான் பெரிய விவாதமாக இருந்திருக்கும். வெயில் காலப் புழுக்கம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. ஆண்கள் தெருவில் பாய் விரித்துப் படுக்கிற வழக்கம். ஓட்டு வீடு. வாசலில் நின்றுகொண்டு ஓர் அம்மாள் கணவரைக் கூப்பிடுகிறாள்.

“உள்ள வந்து படுங்க. வெளிய இன்னா வேண்டிக் கெடக்குது?”

“உள்ள படுத்தா அதுவும் வுழும், ஓடும் சேந்து வுழும். இங்கன்னா அது மட்டுந்தான்.”

“அப்ப நானும் புள்ளைங்களும்?”

“அதுக்குத்தான் நா வெளிய படுத்துப் பாத்துக்கினு கீறேன். வந்தா கொரல் குடுக்கறேன்.”

அவர் அன்றைக்குக் குரல் கொடுத்திருக்க மாட்டார். ஸ்கைலாப் விழுந்தபோது நம் நேரம் ராத்திரி பத்தைத் தாண்டி ஏழு நிமிஷம். அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருப்பார். கிழமை புதன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பதை யாரோ நாசாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

விழுந்த இடம் ஆஸ்திரேலியா. நாசா கடைசிச் சுற்றில் நிலையத்தைப் புரளவிட்டு, ஆப்பிரிக்காவின் தென்கோடிக்குத் தென்கிழக்கே 1,300 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் போடப் பார்த்தது. நிலையம் எதிர்பார்த்த நேரத்தில் உடையாமல் தாங்கிக்கொண்டு மேலும் போய், மிச்சத்தை மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் நகரத்தின் மேலும் அதற்கு அப்பால் ஆளரவமற்ற வெளியிலும் கொட்டிற்று. யாருக்கும் காயமில்லை. இங்கேதான் இரண்டு செய்திகளும் ஒன்றுக்கொன்று தலைகீழாக நிற்கின்றன. பஞ்சாங்கம் எட்டும் கூடும் என்றது, நாழிகை பிசகாமல் கூடின, ஒன்றும் நடக்கவில்லை. நாசா விழும் என்றது, விழுந்தது, எங்கே, எப்போது என்பதில் கடைசி மணி வரைக்கும் தடுமாற்றம். கணக்கு சரியாக இருந்த இடத்தில் விளைவு பொய்த்தது, விளைவு பலித்த இடத்தில் கணக்கு பிசகியது. பள்ளிக்கூடத்தில் இரண்டுக்கும் மார்க் போடச் சொன்னால், வழிமுறைக்கு மார்க் உண்டு என்கிற வாத்தியாரும் விடைக்குத்தான் மார்க் என்கிற வாத்தியாரும் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

என் ஓட்டு நாசாவுக்குத்தான், ஒரே காரணத்துக்காக. 1979-இன் செய்தியைச் சோதிக்க முடிந்தது. தரையில் துண்டு கிடந்தது, எடுத்து எடை போடலாம். 1962-இன் செய்தியைத் தோற்கடிக்கவே முடியாது. அழிந்திருந்தால் சொன்னது பலித்தது. அழியாததால் யாகம் பலித்தது. அக்டோபரில் சீனப் படை எல்லை தாண்டியதும், அதே மாதம் கியூபாவில் ஏவுகணையை வைத்து இரண்டு வல்லரசுகள் முறைத்துக்கொண்டதும், ‘அப்போதே சொன்னோமே, பலன் கொஞ்சம் பிந்தி வந்தது’ என்று எடுத்துச் சொல்ல ஆள் இருந்தது. எட்டு மாதம் பிந்தி வந்தால் ரயிலைக்கூட ரத்து என்பார்கள்.

வானம் விட்டுவைத்தவர்களை நாற்காலி விடவில்லை என்பது இரண்டுக்கும் பொதுவான இன்னொரு சங்கதி. கோழிக்கும் நண்டுக்கும் விடுதலை தந்த ஊ நூவை 1962 மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் கவிழ்த்துப் பிடித்து உள்ளே வைத்தார். பிப்ரவரி 5 தாண்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஸ்கைலாப் விழுந்த அதே வாரம் நம் மக்களவையில் ஒய்.பி. சவான் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை 15 அன்று மொரார்ஜி தேசாய் ராஜினாமா செய்தார். 77 டன் எங்கே விழும் என்று தேசமே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், விழப் போவது எதிரே உட்கார்ந்திருந்தது. இதில் கிரக சம்பந்தம் எதுவும் இல்லை. முதல் பக்கத்தில் இரண்டு செய்திகள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் ஒன்றுக்கொன்று உறவு கற்பிக்கிற டீக்கடைப் பழக்கம் எனக்கும் உண்டு, அவ்வளவுதான்.

தலைப்பே இல்லாமல் விளைவு மட்டும் நடந்த நாளும் வந்தவாசிக்கு உண்டு. 1760 ஜனவரி 22. ஊருக்கு வெளியே அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதின. குளத்தோரம் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்திருந்த அரணில் ஒரு வெடிமருந்து வண்டி குண்டு பட்டு வெடித்தது. அந்தக் குழப்பத்தில் ஆட்டம் மாறிற்று. புஸ்ஸி பிடிபட்டார். அடுத்த ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. லாலியின் தலையை 1766-இல் பாரிசில் வெட்டினார்கள். இந்தியாவில் யார் ஆள்வது என்ற கேள்விக்கு விடையின் பெரிய பகுதி அந்த ஒரு நாளில் முடிவாகிவிட்டது. மறுநாள் காலையில் இதைப் போட நாட்டில் ஒரு பத்திரிகைகூடக் கிடையாது. கல்கத்தாவில் ஹிக்கி பத்திரிகை ஆரம்பித்தது 1780-இல், சென்னைக்கு ‘மெட்ராஸ் கூரியர்’ வந்தது 1785-இல். இருந்திருந்தால் மட்டும் என்ன, ‘ஏரிக்கரையில் வண்டி வெடித்து விபத்து’ என்று உள்பக்கத்தில் நாலு வரி போட்டிருப்பார்கள். முதல் பக்கத்தில் ஏதாவது கிரகச் சேர்க்கை இருந்திருக்கும்.

எஸ்பரன்ஸுக்கு வருவோம். சான் பிரான்சிஸ்கோவின் ‘எக்ஸாமினர்’ பத்திரிகை, விழுந்த துண்டை 72 மணி நேரத்துக்குள் முதலில் கொண்டுவருகிறவருக்கு 10,000 டாலர் என்று அறிவித்திருந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் கொல்லைப்புறத்தில் கிடந்த கருகிய துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு விமானம் ஏறிப் போய்ப் பணத்தை வாங்கினான். அந்தத் துண்டு வந்தவாசியில் விழுந்திருந்தால்? விடியற்காலையில் பையன் கண்டெடுப்பான், ஒன்பது மணிக்குத் தள்ளுவண்டிக்காரர் வருவார், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம். பத்தாயிரம் டாலர் மதிப்புள்ள விண்வெளித் துண்டுக்கு ஒரு கை நிறையப் பழம். இது ரொம்ப லேசாக இருக்கிறதே, இரும்பே இல்லை என்று வண்டிக்காரர் பேரம் பேசியிருந்தால் அதுவும் பாதி.

பெரிய துண்டு, எஸ்பரன்ஸ் பக்கம் கிடைத்த பிராணவாயுத் தொட்டியைப் போல ஒன்று, ஏரிக்குள் விழுந்திருந்தால் வேறு மாதிரி. அது 1979, கிராம நிர்வாக அலுவலர் இன்னும் வரவில்லை. பரம்பரைக் கர்ணமும் மணியக்காரரும் கடைசி வருஷங்களை ஓட்டிக்கொண்டிருந்த காலம். அடுத்த ஆண்டே எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை எடுத்துவிட்டது. தலையாரி ஓடிவந்து சொல்கிறார். கர்ணம் கேட்கிற முதல் கேள்வி, விழுந்த இடம் பட்டாவா, புறம்போக்கா? இரண்டாவது கேள்வி, விழுந்த பொருளின் சொந்தக்காரர் யார், தகப்பனார் பெயர் என்ன? அடங்கலில் சாகுபடிப் பத்தியில் எதை எழுதுவது? பத்து நாளில் தாசில்தாருக்கு அறிக்கை போகும்: ‘மேற்படி ஏரியில் மேற்படி தேதியில் மேலிருந்து மேற்படி பொருள் வந்து சேர்ந்திருக்கிறது.’ தாசில்தார் வேலூருக்கு எழுதுவார், வேலூர் சென்னைக்கு. பதில் வருவதற்குள் ஊர்ப் பெண்கள் அதன் மேல் துணி துவைக்க ஆரம்பித்திருப்பார்கள். நல்ல வழவழப்பு, சோப்பு அதிகம் செலவாகாது.

பிற ஊர்களில் ஸ்கைலாப் இதைவிட நன்றாகவே வாழ்ந்திருக்கிறது. பிலிப்பைன்ஸின் தெற்குத் தீவுகளில் மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் பலகை நீட்டி ஏழெட்டுப் பேரை ஏற்றிப் போகிற வாடகை வண்டிக்கு ஸ்கைலாப் என்றே பெயர். தெலுங்கில் 2021-இல் அதே பெயரில் ஒரு படம் வந்தது. பண்டலிங்கம்பல்லி என்ற கிராமத்து ஜனங்கள் ஸ்கைலாபுக்குப் பயந்து காத்திருக்கிற கதை. எட்டுக் கிரகச் சேர்க்கையின் பேரில் வண்டி ஏதும் ஓடுவதாக நான் கேள்விப்படவில்லை.

எஸ்பரன்ஸ் உள்ளாட்சி அமைப்பு நாசாவுக்கு ஒரு நோட்டீஸ் கொடுத்தது: பொது இடத்தில் குப்பை போட்டதற்கு அபராதம் 400 டாலர். விளையாட்டாகத்தான் போட்டார்கள்; நாசாவும் கட்டவில்லை. 2009-இல் அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் ஒருவர் தன் நேயர்களிடம் வசூலித்துக் கட்டிமுடித்தார். முப்பது வருஷத்துக்கு வட்டியில்லாமல் அசல் மட்டும் வாங்கிக்கொண்டார்கள் என்பதைப் படித்தால் நம் வருவாய்த் துறைக்காரர் யாருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இங்கேயானால் அசல், வட்டி, நோட்டீஸ் சார்வு செய்த படி, ஜப்திச் செலவு என்று ஏறியிருக்கும். அதே கையோடு 1962 கணக்கையும் தோண்டி எடுத்து, மூன்று நாள் அனுமதியில்லாமல் கூட்டம் கூடியதற்கு எட்டுப் பேருக்கும் தனித்தனியாக நோட்டீஸ் எழுதியிருப்பார்கள். தலையாரி அதை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் மகர ராசியில் கதவு எண் கிடையாது என்பது தெரியவரும். கேதுவின் நோட்டீஸ் மட்டும் ‘மேற்படி முகவரியில் அப்படி ஓர் ஆளே இல்லை’ என்ற குறிப்போடு உடனே திரும்பி வந்துவிடும்.